பூட்டிய கதவுகளுக்குள் நெல்லி பிளை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டின் நகரங்கள் மிக விரைவாக வளர்ந்தன. இருப்புப்பாதைகளும் தொழிற்சாலைகளும் பெருகப் பெருக, உள்நாட்டுச் சிற்றூர்களிலிருந்தும் கடல் கடந்த ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் மக்கள் திரள்திரளாக வந்து குடியேறினர். நியூயார்க் நகரில் 1880ஆம் ஆண்டில் ஏறத்தாழ 12 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, அடுத்த பத்தே ஆண்டுகளில் 15 இலட்சத்தைக் கடந்தது.

அவ்வாறு வந்தவர்களுள் இளம்பெண்களும் பலர் இருந்தனர். அவர்கள் துணிக்கடைகளில் விற்பனை செய்தனர். தையற்கூடங்களிலும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைகளிலும் உழைத்தனர். புதிதாக வந்த தட்டச்சுப் பொறியைக் கற்று அலுவலகங்களில் அமர்ந்தனர். தாம் ஈட்டிய பணத்தைத் தம் கையாலேயே செலவிடும் உரிமை அவர்களுக்கு வாய்த்தது. தந்தைக்கோ தமையனுக்கோ விடை கூறாமல் மாலையில் கடைத்தெருவில் நடக்கவும் முடிந்தது. ஆனால் அவர்களது கூலி ஆண்களின் கூலியைவிட மிகக் குறைவு. வேலை போனால் வாடகை நின்றது. வாடகை நின்றால் தெருதான். அந்தப் பெண்ணை அறிந்தவர் யார், அவளுக்குப் பொறுப்பு யார் என்று நகரம் வினவியபோது, மறுமொழி கூற அருகில் ஒருவரும் இலர். உறவினர் சூழ வாழ்ந்த சிற்றூரில் எழாத இக்கேள்வி, நகரத்தில் ஒரு பெண்ணின் வாழ்வையே மாற்றிவிடும் ஆற்றல் பெற்றிருந்தது. அதனைத் தம் உடலாலேயே சோதித்து அறிந்தவர் நெல்லி பிளை என்னும் செய்தியாளர்.

இளமைப் பருவம்

நெல்லி பிளை என்பது புனைபெயர். பெற்றோர் இட்ட பெயர் எலிசபெத் ஜேன் காக்ரன். அவர் 1864ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை மாவு ஆலை உரிமையாளர். நீதிபதிப் பொறுப்பும் வகித்தவர். ஊருக்கே அவர் பெயரால் காக்ரன்ஸ் மில்ஸ் என்று பெயர் வழங்கியது. இத்தகைய செல்வக் குடும்பம் ஓராண்டில் நிலைகுலைந்தது. எலிசபெத்துக்கு ஆறு வயதானபோது தந்தை மறைந்தார். அவர் உயில் எழுதி வைக்கவில்லை. தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த பிள்ளைகளும் இருந்தமையால் சொத்து பலவாகப் பிரிந்தது. தாயும் குழந்தைகளும் வாழ்ந்த பெரிய வீடு கைவிட்டுப் போயிற்று.

தாய் பாதுகாப்பை நாடி மறுமணம் செய்துகொண்டார். அந்தக் கணவர் குடிப்பழக்கம் உடையவர், மனைவியை அடிப்பவர். தாய் மணவிலக்குக் கோரி நீதிமன்றம் சென்றபோது, பதினான்கு வயதுச் சிறுமியான எலிசபெத் சாட்சிக் கூண்டில் ஏறித் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். மணவிலக்கு கிடைத்தது. பெண்ணுக்கு ஆபத்து நகரத்தில்தான் உண்டு, வீட்டுக்குள் அவள் பாதுகாப்பாக இருப்பாள் என்று பெரியோர் பலர் பேசிய காலம் அது. எலிசபெத்தால் அதனை எளிதில் நம்பியிருக்க இயலாது.

ஆசிரியர் பணிக்குப் பயிற்சி பெற விரும்பி அவர் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். கட்டணம் செலுத்தப் பணமின்றி ஒரே பருவத்தில் படிப்பு நின்றது. பின்னர்க் குடும்பம் பிட்ஸ்பர்க் நகரப் பகுதியில் குடியேறியது. இரும்பும் எஃகும் உருகும் அந்நகரில் புகை பகலையும் இருளாக்கியது. தாய் அறைகளை வாடகைக்கு விட்டு உணவளிக்கும் விடுதி நடத்தினார். அண்ணன்மார் ஓரளவு படிப்புடனேயே அலுவலக வேலைகளில் அமர்ந்தனர். எலிசபெத்துக்கோ ஆண்டுக்கணக்கில் நிலையான வேலை கிட்டவில்லை.

ஒரு கடிதம்

1885ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் டிஸ்பாட்ச் என்னும் நாளிதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பெண்ணுக்கு உரிய இடம் வீடே என்றும், வெளியே சென்று உழைக்கும் பெண் இயற்கைக்கு மாறானவள் என்றும் அக்கட்டுரையாளர் எழுதியிருந்தார். வீடே இல்லாத பெண் எங்கே இருப்பாள் என்பதை அவர் எண்ணிப்பார்க்கவில்லை. சினங்கொண்ட எலிசபெத், தனிமையில் வாடும் அனாதைப் பெண் என்று பொருள்படக் கையொப்பமிட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். எழுத்துப்பிழைகளும் நிறுத்தக்குறிக் குறைகளும் மலிந்த கடிதம்தான் அது. ஆயினும் அதிலிருந்த வேகத்தை ஆசிரியர் கண்டுகொண்டார். எழுதியவர் நேரில் வருமாறு இதழிலேயே அறிவிப்பு வெளியிட்டார். மறுநாளே எலிசபெத் அலுவலகப் படிகளில் ஏறினார்.

அவரது முதற்கட்டுரை 1885 சனவரி 25ஆம் நாள் வெளிவந்தது. செல்வமோ அழகோ தனித்திறமையோ வாய்க்காத ஏழைப் பெண்ணை நாம் என் செய்யப்போகிறோம் என்பதே அதன் பொருள். ஆண் பிள்ளைகளை எளிய பணியில் சேர்த்துப் படிப்படியாக உயர்த்துவதுபோலப் பெண் பிள்ளைகளையும் ஏன் உயர்த்தக்கூடாது என்று அவர் வாதிட்டார். அக்காலத்துப் பெண் எழுத்தாளர்கள் தம் பெயரை மறைத்து எழுதுவதே வழக்கம். எனவே மக்களிடையே வழங்கிய ஒரு பாடலிலிருந்து நெல்லி பிளை என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது.

அடுத்துப் பிட்ஸ்பர்க்கின் தொழிற்சாலைப் பெண்களைச் சந்தித்து அவர்கள் வாழ்வை வரிசையாக எழுதினார். அதன்பின் இதழ் அவரை ஆடை அலங்காரம், மலர்க்கண்காட்சி போன்ற பெண்கள் பகுதிக்கு மாற்றியது. அவர் அதில் நிறைவு காணவில்லை. தாயை உடன் அழைத்துக்கொண்டு மெக்சிகோ சென்று, ஆறு மாத காலம் அங்கிருந்து செய்தி அனுப்பினார். அயல்நாட்டுக்குச் செல்லும் இளம்பெண்ணுக்குத் தாயாவது துணை வேண்டும் என்ற மரபை அப்போது அவரும் மீறவில்லை. (இதே காலத்தில், 1886ஆம் ஆண்டு, இதே பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா நகரில், மராத்திய நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெற்றார் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.)

நியூயார்க் நகரில்

1887ஆம் ஆண்டு நெல்லி பிளை தனியாக நியூயார்க் வந்து சேர்ந்தார். நகரத்தின் பெரிய நாளிதழ் அலுவலகங்கள் யாவும் அருகருகே அமைந்திருந்தன. ஆனால் எந்த அலுவலகத்தின் வாயிற்காவலரும் அவரை உள்ளே விடவில்லை. அவர் ஒரு வழி கண்டார். பெண்கள் செய்தியாளராகப் பணியாற்றுவதுபற்றி ஆசிரியர்களின் கருத்தைக் கேட்டுப் பிட்ஸ்பர்க் இதழுக்கு எழுதப்போவதாகக் கூறினார். கதவுகள் திறந்தன. ஆசிரியர்கள் அன்புடன் வரவேற்று, பெண்கள் இப்பணிக்குத் தகுதியற்றவர்கள் என்று விளக்கம் அளித்தனர். அவர் அவற்றையெல்லாம் எழுதி அனுப்பினார். கட்டுரை வெளிவந்தது, வேலை கிடைக்கவில்லை.

மாதங்கள் சில கழிந்தன. ஒருநாள், சேமிப்பாக எஞ்சியிருந்த ஏறத்தாழ நூறு டாலருடன் அவரது பணப்பை தொலைந்துபோயிற்று. அன்றிரவு அவர் நிலை எவ்வாறிருந்திருக்கும்! பிட்ஸ்பர்க்குக்கு எழுதி உதவி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. விடுதி உரிமையாளரிடம் சிறிது பணம் கடன் வாங்கிக்கொண்டு, ஜோசப் புலிட்சர் நடத்திவந்த வேர்ல்டு நாளிதழின் அலுவலகத்துக்குச் சென்றார். ஆசிரியரைக் காணாமல் திரும்புவதில்லை என்று உறுதியாக நின்றார். இறுதியில் ஆசிரியர் ஜான் காக்கரில் அவரை அழைத்துப் பேசினார். எவரும் ஏற்கத் தயங்கும் ஒரு பணியை அவர் முன் வைத்தார்.

நியூயார்க்கின் கிழக்கு ஆற்றின் நடுவே பிளாக்வெல்ஸ் தீவு என்னும் சிறிய தீவு இருந்தது. நகரம் தன் கண்ணில் படக்கூடாது என்று கருதியவர்களையெல்லாம் அங்கே அனுப்பி வைத்தது. சிறைச்சாலை, ஏழைகள் விடுதி, பெண்களுக்கான மனநோய் மருத்துவமனை ஆகியன அத்தீவில் இருந்தன. மனநோயாளியாக நடித்து அம்மருத்துவமனைக்குள் நுழைந்து, அங்கு நடப்பவற்றைக் கண்டு எழுத வேண்டும் என்பதே அப்பணி. உள்ளே செல்லும் வழியை அவரே தேடிக்கொள்ள வேண்டும். வெளியே கொணர்வதை இதழ் பார்த்துக்கொள்ளும். அவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

பத்து நாள்கள்

கண்ணாடி முன் நின்று ஓரிரவு நடித்துப் பழகினார். பிறகு உழைக்கும் பெண்கள் தற்காலிகமாகத் தங்கும் ஒரு மலிவு விடுதிக்குச் சென்று நெல்லி பிரௌன் என்ற பெயரில் இடம் பெற்றார். பெரிதாக எதையும் அவர் செய்யவில்லை. உறங்க மறுத்து அமர்ந்திருந்தார். சுற்றியுள்ள பெண்களைக் கண்டால் அச்சமாக இருக்கிறது என்றார். தம் ஊரும் உடைமையும் நினைவில்லை என்றார். அவ்வளவே போதுமானதாயிற்று. விடுதிப் பெண்கள் அஞ்சினர். அங்குத் தங்கியிருந்த ஒரு பெண்மணி மட்டும் இரக்கங்கொண்டு இரவு முழுவதும் அவருக்குத் துணையிருந்தார். காலையில் காவலர்கள் வந்து அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துச்சென்றனர்.

நீதிபதி நல்லவர். இந்தப் பெண் யாரோ ஒருவரின் அருமை மகளாக இருக்க வேண்டும் என்று எண்ணி வருந்தினார். ஆயினும் அவளை அறிந்தவர் ஒருவரும் வராதபோது, பெல்வியூ மருத்துவமனைக்கு அனுப்புவதைத் தவிர அவருக்கும் வேறு வழி தோன்றவில்லை. அங்கே மருத்துவர்கள் நாக்கையும் கண்ணையும் நாடியையும் பார்த்தனர். சில கேள்விகள் கேட்டனர். மனநோயாளி என்று எழுதினர். இதனிடையே நகரத்து நாளிதழ்கள், தன் பெயரறியா அழகிய பெண் யாரோ என்று செய்தி வெளியிட்டு வியந்துகொண்டிருந்தன. பிற பெண்கள் சிலருடன் நெல்லி பிளை படகில் ஏற்றப்பட்டுத் தீவில் இறக்கப்பட்டார்.

தீவில் கால் வைத்த கணமே அவர் நடிப்பை நிறுத்திவிட்டார். இயல்பாகப் பேசினார், இயல்பாக நடந்துகொண்டார். தமக்கு நோயில்லை, மீண்டும் சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவர்களை வேண்டினார். எவரும் செவிசாய்க்கவில்லை. அவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாரோ அவ்வளவுக்கு அவரது நோய் முற்றியதாகவே அவர்கள் கருதினர். உள்ளே வருவதற்கு ஒரே நாள் நடிப்புப் போதுமானதாக இருந்தது. வெளியேறுவதற்கு உண்மை போதவில்லை.

அங்கு நிலவிய நிலைமை கொடியது. குளிர்ந்த நீரில் குளிக்க வைத்து, நடுங்கும் உடலில் வாளி வாளியாக நீரை ஊற்றினர். ஒருவர் குளித்த நீரிலேயே அடுத்தவரும் குளிக்க நேர்ந்தது. ஈரத் தலையுடன், போதிய போர்வையின்றி இரவைக் கழித்தனர். உணவாகக் காய்ந்த ரொட்டியும் கெட்டுப்போன வெண்ணெயும் சுவையற்ற தேநீரும் கிடைத்தன. காலை ஆறு மணிமுதல் இரவு எட்டு மணிவரை நேரான மரப்பலகைகளில் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, எழுந்து நடக்கக்கூடாது. நல்ல மனநிலை உடைய பெண்ணையும் இரண்டு மாதங்களில் நோயாளியாக்க இவ்வாழ்க்கையே போதும் என்று நெல்லி பிளை முடிவுசெய்தார். இரவில் ஒவ்வோர் அறையும் தனித்தனியே பூட்டப்பட்டது, சன்னல்களுக்குக் கம்பியிட்டிருந்தனர். தீப்பிடித்தால் ஒருவரும் தப்ப முடியாது என்பதை அவர் மருத்துவர் ஒருவரிடமே எடுத்துக் கூறினார். பயனில்லை. முறையிட்ட பெண்களைச் செவிலியர் சிலர் அடித்தனர்.

உடனிருந்த பெண்களின் கதைகளை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். ஒருத்தி உடல்நலம் குன்றியவள். ஓய்வெடுக்கும் இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று நம்பி வந்தவள். மற்றொருத்தி வீட்டு வேலை செய்தவள். தான் துடைத்த சமையலறைத் தரையை உடன் பணியாற்றியோர் வேண்டுமென்றே அழுக்காக்கியதால் சினந்து சண்டையிட்டவள். அச்சினமே அவளை இங்குக் கொண்டுவந்தது. இன்னொருத்தி ஜெர்மானியப் பெண். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தன் மொழியில் அவள் கூறிய எதையும் எவரும் புரிந்துகொள்ளவில்லை. மொழிபெயர்க்க ஒருவரை அழைக்கவும் இல்லை. நியூயார்க்கில் ஜெர்மன் பேசுவோர் இலட்சக்கணக்கில் வாழ்ந்த காலம் அது! கொலைக் குற்றவாளிக்கும் தன் பக்க நியாயத்தைக் கூற வாய்ப்பளிக்கும் நாட்டில், இப்பெண் தன் பெயரைத்தவிர வேறொன்றும் கூறாமலே ஆயுள்காலச் சிறை பெற்றுவிட்டாள் என்று நெல்லி பிளை மனம் கொதித்தார். நகரத்துக்குப் புதியவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு, அவர் விவரித்த கொடுமைகள் அனைத்திலும் இதுவே நெஞ்சைத் தொடுவது.

பத்தாம் நாள் இதழின் வழக்கறிஞர் வந்து அவரை மீட்டார். மற்றவர்களை விட்டுவிட்டுத் தாம்மட்டும் வெளியேறியது தமக்கு மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் ஒருங்கே அளித்ததாக அவர் பதிவுசெய்துள்ளார்.

விளைவுகள்

1887 அக்டோபர் 9, 16 ஆகிய நாள்களில் அவரது கட்டுரைகள் வேர்ல்டு இதழில் வெளிவந்தன. பின்னர் நூலாகவும் அச்சாயின. நகரம் அதிர்ந்தது. விசாரிப்பதற்கு அமைந்த நடுவர் குழு அவரையும் அழைத்துக்கொண்டு தீவுக்குச் சென்றது. ஆனால் செய்தி முன்னரே அங்கு எட்டிவிட்டது. அறைகள் கழுவப்பட்டிருந்தன, சமையலறை பளபளத்தது, நல்ல ரொட்டி வைக்கப்பட்டிருந்தது. அவர் பெயர் குறிப்பிட்டிருந்த பெண்களுள் பலர் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டனர். இனித் தம் சொல்லை யார் நம்புவார் என்று அவர் அஞ்சினார். எனினும் நடுவர் குழு அவர் கூறிய மாற்றங்களையே பரிந்துரைத்தது. அத்துறைக்கு நகர நிருவாகம் வழங்கிய நிதியும் உயர்ந்தது.

பொய் நடிப்பால் உண்மையை அறியலாமா என்று அக்காலத்தவர் கேட்டனர். இன்றைய இதழியல் மாணவர்களும் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ஆனால் செய்தியாளர் என்று அறிவித்துவிட்டுச் சென்றிருந்தால், நடுவர் குழு கண்ட பளபளப்பான சமையலறையைத்தான் அவரும் கண்டிருப்பார்.

தொடர்ந்து அவர் வேலை தேடும் பணிப்பெண்ணாக நடித்து, ஏழைப் பெண்களை ஏமாற்றிய வேலைவாய்ப்பு முகவர்களை வெளிப்படுத்தினார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்து, கற்றுக்கொள்ளும் காலம் என்ற பெயரில் புதிய பெண்களை இரண்டு வாரம் கூலியின்றி உழைக்கவைக்கும் வழக்கத்தை எழுதினார். பூங்காவில் தனியே அமர்ந்திருக்கும் பெண்களிடம் இனிமையாகப் பேசி வண்டியில் ஏற்றிச் சென்ற ஒருவனைப் பற்றியும் எச்சரித்தார். இவற்றிலெல்லாம் அவர் பெண்களை வீட்டுக்குத் திரும்புமாறு கூறவில்லை. தெருவும் தொழிற்சாலையும் திருந்த வேண்டும் என்றே எழுதினார்.

உலகைச் சுற்றியவர்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் தம் புதினத்தில் எண்பது நாளில் உலகைச் சுற்றும் கதைத்தலைவரைப் படைத்திருந்தார். அதனினும் விரைவாகச் சுற்றி வரலாம் என்று நெல்லி பிளை கூறியபோது, பெண்ணுக்குத் துணையும் பல பெட்டிகளும் வேண்டுமே என்று இதழ் தயங்கியது. ஓராண்டுக்குப் பின் ஒப்புதல் கிடைத்தது. உடுத்திய ஓர் உடை, ஒரு மேலங்கி, கையில் ஒரே ஒரு சிறு பையுடன் 1889 நவம்பர் 14ஆம் நாள் கப்பலேறினார். கொழும்பில் அடுத்த கப்பலுக்காக ஐந்து நாள் காத்திருந்தார். பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் வழியாகச் சென்று, 1890 சனவரி 25ஆம் நாள் திரும்பினார். 72 நாள், 6 மணி, 11 நிமிடம். கீழை நாட்டு மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் அக்கால மேலை நாட்டினரின் இறுமாப்பு ஆங்காங்கே தலைகாட்டுகிறது. அதனை மறைக்கத் தேவையில்லை.

பிற்காலம்

1895ஆம் ஆண்டு, தம்மினும் ஏறத்தாழ நாற்பது வயது மூத்த தொழிலதிபர் ராபர்ட் சீமனை மணந்தார். 1904ஆம் ஆண்டு கணவர் மறைந்தபின் இரும்புக் கலன்கள் செய்யும் அவரது தொழிற்சாலையைத் தாமே நடத்தினார். தொழிலாளர்களுக்குப் படிப்பகமும் உடற்பயிற்சிக் கூடமும் அமைத்துக் கொடுத்தார். ஆனால் கணக்கு வழக்குகளைப் பிறரிடம் ஒப்படைத்தார், நம்பிய பணியாளர்கள் பணத்தைக் கையாடினர், தொழில் நொடித்தது. முதல் உலகப்போர் மூண்டபோது ஆஸ்திரியாவில் இருந்த அவர் போர்முனையிலிருந்து செய்தி எழுதினார். 1919இல் நியூயார்க் திரும்பி மீண்டும் நாளிதழ்ப் பணியில் அமர்ந்தார்; கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வீடு தேடித் தருவதிலும் ஈடுபட்டார். 1922 சனவரி 27ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் மறைந்தார். ஐம்பத்தாறு ஆண்டுகள் அவரது கல்லறையில் பெயர்க்கல்லும் இல்லை. 1978ஆம் ஆண்டு நியூயார்க் பத்திரிகையாளர் மன்றம் அதனை நாட்டியது.

பிளாக்வெல்ஸ் தீவு இன்று ரூஸ்வெல்ட் தீவு என்று வழங்குகிறது. மருத்துவமனையின் எண்கோண வடிவ நடுக்கட்டடம் மட்டும் எஞ்சியுள்ளது. அஃது இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நுழைவாயில். காலையில் வேலைக்குச் செல்லும் பெண்கள் அதன் வழியே வெளியே வருகின்றனர்.